தரவுத்தளமும் பழைய மதிப்பும்

ஊரிலுள்ள தந்தையொருவர், கல்லூரியிற் பயிலும் தம் மைந்தனுக்குத் தேர்வுக் கட்டணமாக 500 ரூபாய் அனுப்புகின்றார் எனக் கொள்வோம். இருவர் கணக்கும் ஒரே வங்கியில் உள்ளன. தந்தை கணக்கிலிருந்த 2,000 ரூபாய் 1,500 ஆயிற்று; மைந்தன் கணக்கிலுள்ள 100 ரூபாய் 600 ஆகுமுன்னரே மின்சாரம் தடைப்பட்டுக் கணினி நின்றுவிட்டது. தந்தையிடமும் நில்லாது மைந்தனிடமும் சேராத அப்பணம் யாதாயிற்று? வறிய குடும்பத்திற்கு இஃது எளிய வினாவன்று. இவ்விடரைத் தரவுத்தளம் தீர்க்கும் நெறியை ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

ஒருங்கே நிறைவேறற்குரிய செயல்களின் தொகுதி 'பரிவர்த்தனை' எனப்படும். அது முற்றும் முடிதல் வேண்டும். அன்றேல், சிறிதும் நிகழாதது போலாதல் வேண்டும். இதன்பொருட்டுத் தரவுத்தளம் ஒவ்வொரு மாற்றத்தையும் ஒரு பதிவேட்டிற் குறிக்கின்றது. முன்னிருந்த மதிப்பாகிய 2,000 என்பது 'அன்டூ' தரவு. புதிய மதிப்பாகிய 1,500 என்பது 'ரீடூ' தரவு. மாறிய கணக்கு வட்டில் எழுதப்படுமுன் அதற்குரிய குறிப்பு வட்டினை அடைந்திருத்தல் வேண்டும் என்பது மீறலாகா விதி.

முடிவுறாத மாற்றத்தை வட்டில் எழுதாதொழிந்தால் அன்டூ எற்றுக்கு எனின், கூறுதும். மின்சாரம் நின்றவழி யாவும் மறக்கும் நினைவகம் அளவிற் சிறியது. பரிவர்த்தனைகள் பல ஒருங்கே நிகழுங்கால் இடம் போதாமையின், முடிவுறாத மாற்றங்களும் வட்டிற்குச் செல்ல நேரும். அவற்றை நீக்குதற்குப் பழைய மதிப்பே துணையாம்.

இம்மீட்பு நெறியைச் செவ்வனே வகுத்தவருள் ஒருவர், சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திற் பயின்று, ஐ.பி.எம். ஆராய்ச்சி நிலையத்திற் பணியாற்றிய சி. மோகன். அவரும் உடனாய்ந்தோரும் 1992ஆம் ஆண்டில் வெளியிட்ட முறை 'ஏரீஸ்' எனப் பெயர்பெறும். அதன்படி கணினி மீண்டும் இயங்குங்கால், பதிவேட்டை ஆய்ந்து முடிவுறாத பரிவர்த்தனைகள் இவையெனத் துணிகின்றது. பின்னர், வட்டிற் சேராது போன மாற்றங்களை யெல்லாம் ரீடூவால் மீளச் செய்கின்றது. இறுதியில், முடிவுறாதவற்றை அன்டூவால் கடைசிச் செயல் தொடங்கி முதற்செயல் வரை பின்னோக்கி நீக்குகின்றது.

நீக்குங்கால் மீண்டும் மின்சாரம் நின்றால் என் செய்வது? ஒவ்வொரு நீக்கமும் பதிவேட்டில் எழுதப்படுதலின், நீக்கியதையே மறுபடி நீக்காது, எஞ்சியவற்றினின்று பணி தொடரும்.

இங்ஙனம் தந்தை கணக்கு மீண்டும் 2,000 ஆகின்றது. மைந்தனுக்குப் பணம் இன்னும் சேரவில்லை. ஆயினும் அஃது அழிந்திலது, மறுமுறை அனுப்பலாம். முடிந்ததை இழவாமை ரீடூவின் பணி. முடியாததன் சுவடும் எஞ்சாமை அன்டூவின் பணி. புதியதை எழுதுமுன் பழையதைக் காத்துவைத்தமையாலன்றோ அவ்வேழைத் தந்தையின் பொருள் பிழைத்தது!