சிரிப்பு போகும் வழி

காது மடலுக்குக் கீழே நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. சவரம் செய்யும்போது விரலில் தட்டுப்படுகிறது, அவ்வளவுதான். வெறும் கொழுப்புக் கட்டி என்று பலர் வருடக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். சிலர், அரை மணி நேர வேலை என்று நம்பி, பக்கத்து கிளினிக்கிலேயே கீறி எடுக்கச் சொல்கிறார்கள். இரண்டும் தவறு. இரண்டாவது உடனடி ஆபத்து.

காரணம், அந்த இடத்தின் அமைப்பு. பெரிய உமிழ்நீர்ச் சுரப்பிகள் மூன்று ஜோடி: காதுக்கு முன்னால், தாடைக்குக் கீழே, நாக்குக்கு அடியில். இவற்றில் மிகப் பெரியது காதோரம் இருக்கும் பரோட்டிட். பொன்னுக்கு வீங்கி வந்தால் பெரும்பாலும் வீங்குவது இதுதான். இதில் ஊறும் உமிழ்நீர், மேல்வரிசையின் இரண்டாவது கடைவாய்ப் பல்லுக்கு எதிரே, கன்னத்தின் உட்புறம் திறக்கும் குழாய் வழியாக வருகிறது. 1660-ல் ஆம்ஸ்டர்டாமில் ஆட்டுத் தலையை அறுத்துப் பார்த்த டென்மார்க் இளைஞர் நீல்ஸ் ஸ்டென்சனின் பெயர்தான் இன்றும் அந்தக் குழாய்க்கு.

சிக்கல் குழாயில் இல்லை, நரம்பில். மூளை நரம்புகள் 12 ஜோடியில் ஏழாவதான முக நரம்பு, காதுக்குக் கீழே மண்டையோட்டின் சிறு துளை வழியே வெளிவந்து இந்தச் சுரப்பிக்குள் நுழைகிறது. உள்ளேயே ஐந்து கிளைகளாகப் பிரிகிறது. நெற்றி சுருங்குவதும், கண் மூடுவதும், உதடு விரிவதும் இவற்றால்தான். வேடிக்கை என்னவென்றால், பரோட்டிட்டைச் சுரக்க வைப்பது இந்த நரம்பு அல்ல, ஒன்பதாவது நரம்பு. முக நரம்பு இங்கே வெறும் வழிப்போக்கன்.

வழிப்போக்கனை வெட்டிவிட்டால்? கண் மூடாது, விழி உலர்ந்து புண்ணாகும். குடிக்கும் தண்ணீர் கடைவாயில் வழியும். சிரித்தால் பாதி முகம் மட்டுமே சிரிக்கும்.

ஆறுதலான செய்தி, பரோட்டிட் கட்டிகளில் சுமார் 80 சதவீதம் புற்றுநோய் அல்ல. ஆனால் அதிகம் காணப்படும் சாதாரணக் கட்டியைக்கூட அப்படியே தோண்டி எடுக்கக் கூடாது. அதன் மெல்லிய உறை கிழிந்து துணுக்குகள் சிதறினால், பல வருடங்கள் கழித்தும் கொத்துக் கொத்தாய் மறுபடி முளைக்கும். தழும்பேறிய இடத்தில் அடுத்த ஆபரேஷன் செய்யும்போது நரம்பைத் தேடிப் பிடிப்பது இன்னும் கடினம். எடுக்காமலே விட்டால், சிலருக்கு அதுவே நாளடைவில் புற்றாக மாறலாம்.

எனவே தேர்ந்த நிபுணர்கள் முதலில் தேடுவது பெரும்பாலும் கட்டியை அல்ல, நரம்பின் அடித்தண்டை. அதிலிருந்து ஒவ்வொரு கிளையாகப் பிரித்துக்கொண்டே போய், கட்டியைச் சுற்றியுள்ள சுரப்பித் திசுவோடு சேர்த்து எடுக்கிறார்கள். நரம்பு அறுபடாவிட்டாலும் முகம் சற்றுத் தளரலாம். பெரும்பாலும் சில வாரங்களில் அல்லது மாதங்களில் சரியாகிவிடும். சிலருக்குச் சாப்பிடும்போது கன்னம் வியர்க்கும். உமிழ்நீருக்கான நரம்பு இழைகள் திசைமாறி வியர்வைச் சுரப்பிகளில் போய் இணைவதன் விளைவு அது.

கட்டி வேகமாக வளர்ந்தாலோ, வலித்தாலோ, வாய் ஒரு பக்கம் கோணினாலோ தாமதிக்கக் கூடாது. மற்றவர்கள் ஸ்கேனும் ஊசிப் பரிசோதனையும் முடிந்தபின், கத்தி எடுப்பவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: 'நரம்பை எப்படிக் காப்பாற்றுவீர்கள்?' பதில் தெளிவாக வராவிட்டால், எழுந்து வந்துவிடுவது நல்லது. முழுச் சிரிப்போடு.