வெளுப்பிகளும் அடைமொழியும்

வெளுத்தல் தமிழில் நெடுங்காலமாக வழங்கும் வினை. கிழக்கு வெளுத்தது என்கிறோம். சாயம் வெளுத்தது என்கிறோம். உவர்மண் கொண்டு துணி வெளுத்த காலம் நம் முன்னோருக்கு உண்டு. இன்று பாத்திரங்கழுவி இயந்திரத்தில் இடும் தூளிலும் வில்லையிலும் நிறம் நீக்கும் பொருள் ஒன்று கலந்துள்ளது. அதனை வெளுப்பி என்று கூறுவோம். அந்தப் பெயர் மட்டும் போதுமா என்பதே நாம் ஈண்டு ஆராயும் வினா.

முதலில் அதன் பணியை நோக்குவோம். எண்ணெய்ப் பசையை அகற்றுவது வேறு. கறையின் நிறத்தைப் போக்குவது வேறு. தேநீர்க் கோப்பையின் பழுப்புக்கும் மஞ்சள் படிந்த கிண்ணத்தின் நிறத்துக்கும் காரணம், மூலக்கூற்றில் ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறிமாறி வரும் தொடராகும். ஆக்சிஜனேற்றத்தால் அத்தொடர் அறுபட்டால் நிறம் மறையும். வெளுப்பி செய்வது இதுவே.

இப்பணியைச் செய்யும் பொருள்கள் இருவகைப்படும். ஒன்று குளோரின் வகை. சோடியம் ஹைப்போகுளோரைட் இதற்குச் சான்று. இது விரைந்து செயல்படும். ஆயினும் சோற்றுப் பசையையும் புரதத்தையும் சிதைக்கவல்ல நொதிகளை அழித்துவிடும். வெள்ளிக் கரண்டியைக் கருக்கச் செய்யும். மற்றொன்று ஆக்சிஜன் வகை. இன்றைய வில்லைகள் பலவற்றில் உள்ள சோடியம் பெர்கார்பனேட் இவ்வகையினது. சோடியம் கார்பனேட்டும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்ந்த இப்பொருள், நீரில் கரைந்ததும் அவ்விரண்டாகப் பிரியும். பெராக்சைடு நன்கு செயல்பட ஏறத்தாழ 60 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். அதனால் டிஏஇடி என்னும் ஊக்கியைச் சேர்க்கின்றனர். இரண்டும் வினைபுரிந்து பெரசிட்டிக் அமிலம் உண்டாவதால், 40 பாகை அளவிலேயே கறை நீங்கத் தொடங்கும்.

இனிச் சொல்லுக்கு வருவோம். தமிழ்நாட்டு வேதியியல் பாடநூல்களில் சலவைத்தூள் என்பது, நீற்றிய சுண்ணாம்பின்மீது குளோரினைச் செலுத்திப் பெறும் பொருள். அன்றாட வழக்கிலோ அதே சொல் துணி துவைக்கும் தூளைக் குறிக்கிறது. பாடநூலில் படித்த மாணவர் ஒன்றை எண்ணுவார். வீட்டில் உள்ளோர் மற்றொன்றை எண்ணுவர்.

இம்மயக்கம் ஏட்டோடு நிற்பதன்று. இயந்திரத்தில் படிந்த சுண்ணாம்புப் படிவை நீக்க வினிகர் ஊற்றுவோர் உளர். அங்குக் குளோரின் வகை வெளுப்பி இருப்பின், இரண்டும் கலந்து நச்சுத்தன்மையுள்ள குளோரின் வளி வெளிப்படும். அம்மோனியா கலந்த துப்புரவு நீர்மத்துடன் சேர்ந்தால் குளோரமீன் வளி எழும். இரண்டும் கண்ணையும் மூச்சுக்குழலையும் தாக்கும். ‘வெளுப்பி உள்ளது’ என்று மட்டும் அறிந்தவர்க்கு இந்த இடர் புலப்படாது.

இங்கு நமக்கு நன்னூல் துணைநிற்கிறது. அடைமொழியை இனமுள்ளது, இனமில்லாதது என அந்நூல் பகுக்கிறது. செஞ்ஞாயிறு என்பதில் செம்மை ஞாயிற்றைப் பிறிதொன்றிலிருந்து பிரிக்கவில்லை. செந்தாமரை என்பதிலோ வெண்டாமரையிலிருந்து பிரித்துக் காட்டுகிறது. குளோரின் வெளுப்பி, ஆக்சிஜன் வெளுப்பி ஆகியவற்றின் அடைகள் செந்தாமரையின் அடையைப் போன்றவை. ஆதலின் அவற்றை விட்டுவிடுதல் தகாது.

ஆசிரியர்கள் வகுப்பில் ஒரு வில்லைப் பெட்டியைக் காட்டி, அதன் உட்பொருட் பட்டியலை மாணவரைப் படிக்கச் செய்யலாம். ‘எந்த வெளுப்பி?’ என்று அம்மாணவர் வீட்டிலும் கேட்கத் தொடங்கினால், அடைமொழிப் பாடம் தன் பயனை அடைந்ததாகும்.