பானெட் மூடுமா?

கண்ணைக் கட்டிச் சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகச் சந்தைக்குள் விட்டால்கூட எந்தச் சந்தில் நிற்கிறோம் என்று மூக்கு சொல்லிவிடும். டயர் கடைகளுக்கு ஒரு வாசனை, பழைய சீட் விற்கும் கடைகளுக்கு இன்னொரு வாசனை. நாங்கள் போனது கியர் ஆயில் ஊறி மண்ணே கறுத்துப்போன சந்துக்கு. இரண்டு பக்கமும் இன்ஜின்கள்! தலை கழற்றியவை, கியர்பாக்ஸோடு இருப்பவை, தார்ப்பாய் போர்த்தியவை, டீ கிளாஸ் வைக்கும் மேசையாகிவிட்டவை. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. வேடிக்கை பார்க்க மட்டும் வந்தவனுக்கே இப்படி என்றால், வாங்க வந்தவர் நிலைமையைக் கேட்கவா வேண்டும்?

வாங்க வந்தவர் ஒரு பல் டாக்டர். வாரம் முழுக்க ஊரார் வாயைப் பார்ப்பவர், விடுமுறை நாளில் சேற்றில் இறங்கிவிடுவார். அவரிடம் இருப்பது 1990களின் இறுதியில் வந்த மாருதி ஜிப்சி கிங். 1,298 சிசி, கார்புரேட்டர், சுமார் 60 பிஎச்பி. நல்ல வண்டிதான். ஆனால் செங்குத்தான ஏற்றத்தில் மூக்கைத் தூக்கியதும் கார்புரேட்டர் கிண்ணத்துப் பெட்ரோல் ஒரு பக்கமாகச் சாயும், உள்ளிருக்கும் மிதவை ஏமாந்துபோகும், இன்ஜின் இருமிவிட்டு அணைந்துவிடும். சரியாக நடுப்பாறையில்! அதனால்தான் இந்த டோனர் வேட்டை. வேறொரு வண்டியின் இன்ஜினை எடுத்து இதில் உட்காரவைக்க வேண்டும்.

கூட வந்த மேஸ்திரிக்கு வயது அறுபதைத் தாண்டியிருக்கும். சட்டைப்பையில் இஞ்ச் டேப், ஒரு டார்ச், ஐஸ்கிரீம் குச்சி போல மெலிந்த நீளமான மூங்கில் குச்சி. அந்தக் குச்சி எதற்கு என்று பிறகு தெரிந்தபோது அசந்துபோனேன்.

டாக்டரின் மனசு முதலில் டீசலில்தான் இருந்தது. ஒரு கடையில் குவாலிஸின் 2,446 சிசி டொயோட்டா இன்ஜின். கம்ப்யூட்டர் கிடையாது, ஸ்பார்க் பிளக் கிடையாது. ஓடையில் இறங்கினால் நனைந்து அணைய இக்னிஷனே இல்லை, காற்றுக் குழாயை மட்டும் உயரத்தில் வைத்தால் போதும். டாக்டர் அதைத் தடவிக்கொடுத்த விதத்தைப் பார்த்தால் அங்கேயே பணத்தை எடுத்துவிடுவார் போலிருந்தது.

"டாக்டர் சார், ஜிப்சி ஜெயிக்கிறதே எடை இல்லாததாலதான். பெரிய வண்டி புதையிற இடத்துல இது மேலாக்கப் போயிடும். இந்த இரும்பை மூக்குல ஏத்தினா முன்னாடி ஸ்பிரிங் பட்டா படுத்துடும். அப்புறம் சேத்துல நீங்க கலப்பைதான் ஓட்டணும்."

மேஸ்திரி சொன்னதோடு பேச்சு முடிந்தது. ஜிப்சி மொத்தமே ஏறக்குறைய ஒரு டன். அதில் இருக்கும் சுசுகி ஜி வரிசை இன்ஜினுக்கு பிளாக்கும் அலுமினியம், ஹெட்டும் அலுமினியம். அந்த இடத்தில் வார்ப்பிரும்பு டீசலைத் தொங்கவிட்டால் பட்டா மட்டுமல்ல, ரேடியேட்டர், கியர் விகிதம், பிரேக் என்று ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போக வேண்டும்.

அடுத்த கடைக்காரர் ஒரு பழைய ஹோண்டா இன்ஜினைக் காட்டி ஆசை மூட்டினார். மேஸ்திரி சிரித்த சிரிப்பில் டீ தெறித்தது. ஹோண்டாவின் பழைய டி, பி வரிசை இன்ஜின்கள் மற்ற பெரும்பாலான கார் இன்ஜின்களுக்கு நேர் எதிர்த் திசையில் சுழல்பவை. அப்படியே ஜிப்சி கியர்பாக்ஸில் கோத்தால் முன்னால் போக ஒரு கியர், பின்னால் போக ஐந்து கியர்! காட்டில் பின்னோக்கியே ஐந்தாவது கியரில் பறக்கும் பல் டாக்டரை நினைத்துக்கொண்டே நான் அடுத்த சந்துக்கு நடந்தேன்.

மிச்சம் இருந்தவை இரண்டு, இரண்டும் ஜிப்சிக்குச் சொந்தக்காரர்கள். ஒன்று மாருதி எஸ்டீமில் வந்த, இன்ஜெக்டரில் ஓடும் எம்பிஎஃப்ஐ 1.3. இது கார்புரேட்டர் தொல்லையை ஒழிக்கும், அலட்டாமல் பொருந்தும். என்னைக் கேட்டால் அதோடு நிறுத்தியிருப்பேன். மற்றொன்று பலேனோவின் 1.6. இப்போது ஓடும் ஹேட்ச்பேக் இல்லை, 1999-ல் மாருதி விட்ட செடான். டாக்டரின் கண்கள் எங்கே நின்றன என்று சொல்லவே வேண்டாம்.

காகிதத்தில் பார்த்தால் அவர் ஆசையில் நியாயம் இருக்கிறது. 1.3-ன் போர் 74 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 75.5. 1.6-ல் போர் 75, ஸ்ட்ரோக் 90! சிலிண்டர் அகலம் ஒரு மில்லிமீட்டர்தான் கூடியிருக்கிறது, பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமோ எகிறிவிட்டது. பாறை ஏறும்போது ஆக்ஸிலரேட்டரை மிதித்துக் கத்தவிட நேரம் இருக்காது. குறைந்த சுற்றிலேயே இழுக்க வேண்டும். அந்த வேலைக்கு நீண்ட ஸ்ட்ரோக் நல்ல துணை. அமெரிக்காவில் ஜிப்சியின் உடன்பிறப்பான சுசுகி சாமுராய் வைத்திருப்பவர்கள் சைட்கிக், ஜியோ டிராக்கர் வண்டிகளின் 1.6-ஐத் தேடி எடுத்து மாட்டுவது பல காலமாக நடக்கிறது. ஜி வரிசையில் பெல் ஹவுஸிங் போல்ட் துளைகள் ஒத்துப்போவதால் ஜிப்சி கியர்பாக்ஸ் அப்படியே கவ்விக்கொள்ளும். அடாப்டர் பிளேட் கடைந்து, அது அரை மில்லிமீட்டர் விலகி, கிளட்ச் அதிர்ந்து தலைவலி கொடுப்பதெல்லாம் இங்கே கிடையாது.

இப்போது குச்சிக்கு வருவோம்.

மேஸ்திரி முதலில் ஒரு பலேனோ இன்ஜினின் ஆயில் மூடியைத் திறந்து உள்ளே டார்ச் அடித்தார். பால் போல வெளுத்த பசை இருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது. இல்லை. சென்சார் கனெக்டர்களைப் பிடுங்கி உள்ளே பார்த்தார். வண்டல் மண் படிந்திருந்தால் அது வெள்ளத்தில் முங்கிய வண்டி. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சென்னையில் பழைய இன்ஜின் வாங்குபவர் யாரும் இந்தச் சோதனையை விடுவதில்லை. அப்புறம் நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, முதல் துளையில் மூங்கில் குச்சியைச் செருகி, ஸ்பானரால் கிராங்கை மெல்லச் சுற்றினார். பிஸ்டன் உச்சிக்கு வந்ததும் குச்சியில் நகத்தால் ஒரு கோடு. இரண்டாவது, மூன்றாவது, நான்காவது. ஒரு கோடு மட்டும் மேலே ஏறியிருந்தால் அங்கே குச்சி ஆழமாக இறங்கியிருக்கிறது, அந்த கனெக்டிங் ராடு வளைந்திருக்கிறது. ஓடிக்கொண்டிருந்தபோது சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருக்க வேண்டும். தண்ணீரை அமுக்க முடியாதே! அதனால் ராடு வளைந்துவிடும்.

முதல் இன்ஜினில் மூன்றாவது கோடு ஏறியிருந்தது. கடைக்காரர் வானத்தைப் பார்த்தார். மேஸ்திரி ஒன்றும் சொல்லாமல் குச்சியைத் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு நடந்தார். சினிமா ஹீரோகூட அப்படி நடக்க முடியாது!

தேறியது இன்னொரு கடையில். நான்கு கோடும் ஒரே இடத்தில். கம்ப்ரஷன் கேஜிலும் நான்கு சிலிண்டரும் ஒன்றையொன்று ஒட்டியே காட்டின. அதற்கப்புறம்தான் உண்மையான பேரம். இன்ஜின் மட்டும் என்றால் ஒரு விலை. மேஸ்திரிக்கோ முழு வயரிங், இன்ஜின் கம்ப்யூட்டரான இசியூ, சென்சார்கள், அதே வண்டியின் சாவி, எல்லாம் வேண்டும். "வயர வெட்டாதீங்க பாய், கழட்டிக் குடுங்க" என்று அவர் கெஞ்சியது இன்ஜினுக்காகப் பேசியதைவிட அதிகம். வெட்டிய வயரிங்கை வண்ணம் பார்த்து ஒட்டுவதற்குள் இன்ஜின் மாற்றும் வேலையே முடிந்துவிடும் என்பது அவர் கணக்கு.

இன்ஜின் எண்ணைத் துடைத்துப் படம் எடுத்து, பில்லில் அதே எண்ணை எழுதச் சொன்னார்கள். எண் ராவப்பட்டிருந்தால் எவ்வளவு மலிவு என்றாலும் தொடக்கூடாது. இதில் விளையாட்டே இல்லை. ஆர்சி புத்தகத்தில் இன்ஜின் எண் இருக்கிறது, மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இருக்கிறது, உற்பத்தியாளர் தந்த விவரங்களிலிருந்து வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இருக்கிறது. டாக்டரின் ஜிப்சி இனி லாரியில் ஏறித்தான் காட்டுப் பந்தயத்துக்குப் போகும். சாலையில் ஓட்ட நினைப்பவர் இன்ஜின் தேடுவதற்கு முன்னால் ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது.

பட்டறையில் செயின் பிளாக்கில் இன்ஜின் தொங்கியபோது எல்லோரும் கையைப் பிசைந்தோம். பலேனோவில் இன்ஜின் குறுக்கே படுத்திருக்கும், ஜிப்சியில் நெடுக்கே நிற்க வேண்டும். காரில் இன்ஜினுக்குக் கீழே அச்சு கிடையாது. ஜிப்சியில் முன் அச்சு அங்கேதான் மேலும் கீழும் ஆடுகிறது. ஆக ஆயில் சம்ப்பை வெட்டி வெல்டிங் வைத்து, ஆயில் உறிஞ்சும் குழாயையும் நகர்த்த வேண்டும். பழைய மெக்கானிக்கல் பெட்ரோல் பம்ப் இன்ஜெக்டருக்குப் போதாது. மின் பம்ப், திரும்பி வரும் குழாய், டாங்க் சாயும்போது பெட்ரோல் அறுபடாமலிருக்க நடுவில் ஒரு சின்ன டாங்க்.

நீண்ட ஸ்ட்ரோக்குக்கு விலை உண்டு: பிளாக் உயரம். பக்கத்து வீட்டுக் குழந்தையிடம் கடன் வாங்கிய களிமண்ணை உருட்டி இன்ஜின் தலையில் அங்கங்கே ஒட்டினார்கள். பானெட்டை மூடினார்கள். திறந்தார்கள். ஒரு உருண்டை அப்பளமாகியிருந்தது! இன்ஜினை இறக்கினால் சம்ப் அச்சில் இடிக்கும். டாக்டர் முகம் வாடியது.

இந்த இடத்தில் நான் என் பங்குக்கு ஒரு சரித்திரம் எடுத்துவிட்டேன். 1953-ல் வில்லிஸ் கம்பெனிக்கும் இதே சங்கடம். புது ஹரிக்கேன் இன்ஜின் பழையதைவிட உயரம், தட்டையான ஜீப் பானெட்டுக்குள் அடங்கவில்லை. அவர்கள் பானெட்டையே தூக்கிக் கட்டினார்கள். சிஜே-3பி பிறந்தது. அந்த உயர்ந்த மூக்கைத்தான் மகிந்திரா உரிமம் வாங்கிப் பல பத்தாண்டுகள் இங்கே செய்து விற்றது. நம் ஊர் மலைப்பாதைகளில் பார்த்து வளர்ந்த ஜீப் முகமே இன்ஜின் அடங்காததால் வந்த முகம்!

மேஸ்திரி காது கொடுத்தாரா தெரியாது. சாக்பீஸால் பானெட்டில் ஒரு நீள்சதுரம் வரைந்து, பட்டறைப் பையனிடம் கட்டிங் மெஷினைக் கேட்டார். மாலைக்குள் தகட்டை வளைத்து ஒரு திமில் வைத்துவிட்டார்கள். அசிங்கமாகத்தான் இருந்தது. டாக்டர் அதை எல்லாக் கோணத்திலிருந்தும் படம் எடுத்தார்.

சாவியைத் திருப்பியதும் இன்ஜின் ஒரு கணம் தயங்கி, பிடித்து, உறுமி, சீராக நின்றது. பட்டறையே கத்தியது, நானும்தான்.

"அண்ணே, இனிமே எந்த ஏத்தமும் ஏறிடும்ல?"

"ஏறும் டாக்டர் சார். இந்த இழுப்புக்கு முன் ஆக்ஸில் சிவி ஜாயின்ட்தான் முதல்ல உடையும். உடைஞ்சதும் கொண்டாங்க, அதுக்கும் ஒரு டோனர் தேடுவோம்."