உடுப்பிட்டியா, உடுவிலா?

மழையில் நனைந்த கடிதம் ஒன்று. முகவரியில் 'உடுப்' என்பதற்குப் பிறகு ஓர் எழுத்து கரைந்து, கடைசியில் 'ட்டி' நிற்கிறது. தபால்காரர் தடுமாறமாட்டார், உடுப்பிட்டிக்கே கொண்டுவருவார். 'உடு' மட்டும் மிஞ்சியிருந்தால்? யாழ்ப்பாணத்தில் உடுவிலும் உண்டு, உடுத்துறையும் உண்டு. அடியில் 'வடமராட்சி' என்று எழுதியிருந்தால் உடுவில் விலகும். உடுத்துறை அப்போதும் விலகாது.

கைபேசியின் 0, 1 வரிசைகளும் இப்படித்தான் வழியில் கரைகின்றன. ஆகவே அனுப்பும்போதே மேலதிகமாகச் சில குறிகளைச் சேர்த்துவிடுகிறார்கள்.

அப்படியொரு குறியைக் காண, சந்திக் கடையில் ஒரு பிஸ்கற் பக்கற்றை எடுத்துப் பாருங்கள். இலங்கைத் தயாரிப்பென்றால், பட்டைக்கோட்டின் கீழுள்ள 13 இலக்கங்கள் பெரும்பாலும் 479 என்று தொடங்கும். கடைசி இலக்கம் காவலுக்கு நிற்பது. முதல் 12 இலக்கங்களை மாறிமாறி 1ஆலும் 3ஆலும் பெருக்கிக் கூட்டி, கடைசி இலக்கத்தையும் சேர்த்தால் பத்தின் மடங்கு வரவேண்டும். 479123456789க்குத் தொகை 129. எனவே காவல் இலக்கம் 1. எந்த ஓர் இலக்கம் மாறினாலும் பிடிபடும். 2, 7 போல ஐந்து வித்தியாசமுள்ள அயல் இலக்கங்கள் இடம் மாறினால் தப்பிவிடும்.

ஆனால் பிழை எங்கே என்று இந்தக் காவல் சொல்லாது. 1947இல் பெல் ஆய்வுகூடத்தில் ரிச்சர்ட் ஹமிங் என்பவரின் கணிப்புகளை, வார இறுதியில் இயந்திரம் பிழை கண்டு கைவிட்டது. பிழையைக் காணத் தெரிந்ததற்கு இடத்தைக் கண்டு திருத்தத் தெரியாதா என்று அவர் யோசித்தார். 1950இல் விடையை வெளியிட்டார்: 4 பிட்டுக்கு, அதாவது நான்கு 0, 1 குறிகளுக்கு, 3 காவல் பிட்.

எங்கள் வேலியே இதை விளக்கும். இரண்டு கதியால் நட்டால் வரிசை தெரியும். மூன்று நட்டு ஒன்று விலகினால், ஏதோ கோணல் என்று தெரியும். எது என்று தெரியாது. நான்கு நட்டால், மூன்று நேரே நிற்க, விலகிய கதியால் அகப்பட்டுவிடும். அதைப் பிடுங்கி எங்கே நடவேண்டும் என்பதும் தெரியும். ரீட், சொலமன் இருவரும் 1960இல் வெளியிட்ட முறை இதுதான். நேர்கோட்டுக்குப் பதில் வளைகோடு, அவ்வளவே. கோணலாக வந்து சேர்ந்ததிலிருந்து அனுப்பிய வரிசையை மீட்பதற்கு இதைவிட அழகான வழியை நான் அறியேன்.

யப்பானில் 1994இல் பிறந்த கியூஆர் குறியீட்டுக்குள் இருப்பதும் இதே கணக்கு. உயர்ந்த தரத்தில் ஏறத்தாழ 30 வீதம் அழிந்தாலும் மீட்டுவிடும். ஆனால் மூலைகளிலுள்ள மூன்று பெரிய சதுரங்களுக்கு இந்தக் காவல் இல்லை. கடையில் காசு வாங்கக் கியூஆர் அட்டை ஒட்டுபவர்கள் அவை மறையாமல் ஒட்டுங்கள்.