பெயரும் பிறர் அபிப்பிராயமும்

பிறந்து சில நாளே ஆன குழந்தைக்கு இரண்டு மூன்று பெயர்களைப் பொறுக்கி வைத்துக்கொண்டு, "இவற்றில் எது நன்றாயிருக்கிறது? தாக்ஷண்யமின்றிச் சொல்லுங்கள்" என்று முன்பின் அறியாதவர்களைக் கேட்கும் வழக்கம் இக்காலத்துப் பெற்றோரிடையே பரவி வருகிறது. பெரியவர்கள் பலருக்கு இது பிடிக்கவில்லை. பாட்டனும் பாட்டியும் அத்தையும் மாமனும் இருக்கையில், ஊர் பேர் தெரியாதவர்களுக்கு நம் வீட்டுக் குழந்தையின் பெயரைப்பற்றி என்ன பேச்சு என்று அவர்கள் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதே. ஆயினும் விஷயத்தை நிதானமாக ஆராய்ந்தால், இவ்வழக்கத்தில் பழிக்கத்தக்கது குறைவு, பயன் அதிகம் என்பதே நமது அபிப்பிராயம்.

முற்காலத்தில் இப்பிரச்னை எழ இடமிருக்கவில்லை. மூத்த மகனின் பிள்ளைக்குப் பாட்டன் பெயர் என்பது எழுதாத சட்டம். பெயரன், பெயர்த்தி என்ற சொற்களே பேரன், பேத்தி என்று மருவி இன்றும் நம் வாயில் வழங்குகின்றன. மாமனாரின் பெயரை மருமகள் உச்சரிக்கலாகாதென்ற கட்டுப்பாடு இருந்ததால், அப்பெயரைத் தாங்கிய பிள்ளையைப் பெற்ற தாயே வேறொரு செல்லப் பெயரால் அழைத்து வந்தாள். பின்னர்த் தேசிய இயக்கம் தோன்றியது. காந்தி, ஜவஹர், சுபாஷ் என்ற பெயர்கள் குடிசைகளிலும் ஒலித்தன. 1916-இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய மறைமலையடிகள், வேதாசலம் என்ற தம் பெயரையே மாற்றிக்கொண்டார். அவர் காட்டிய வழியில் ஆயிரக்கணக்கான குழந்தைகள் தமிழ்ப் பெயர் பெற்றன.

பொதுக்கூட்ட மேடையில் தலைவர் கையில் குழந்தையைக் கொடுத்துப் பெயரிடச் சொல்வதும் நம் நாட்டில் வேரூன்றிய வழக்கம். அரசியல் ஊழியம் செய்யும் நேயர்களில் இதைப் பார்த்திராதவர் இருக்கமாட்டார்கள். தலைவர் அக்குழந்தையை அரை நிமிஷம் பார்க்கிறார். அதன் குலமும் குடியும் அவர் அறியார். வாய்க்கு வந்த நல்ல பெயரொன்றைச் சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுகிறார். அவரும் அந்த வீட்டுக்கு அந்நியரே. பெரிய மனிதரான ஓர் அந்நியர் பெயரைத் தீர்மானிக்கவே செய்யலாம், சாமானியரான பத்து அந்நியர்கள் யோசனைகூடச் சொல்லக்கூடாது என்பது என்ன நியாயம்?

சாக்ஷிகளைப்பற்றி நியாயஸ்தலங்களில் ஒரு விதி உண்டு. வழக்கில் லாபநஷ்டம் உள்ளவன் சொல்வதை எச்சரிக்கையுடன் எடைபோட வேண்டும். எவ்விதப் பற்றுமில்லாதவன் சொல்வதற்கு மதிப்பு அதிகம். பெயர் விஷயத்தில் பந்துக்கள் அனைவரும் பற்றுள்ள சாக்ஷிகள். பாட்டனாருக்குத் தம் தந்தையின் பெயர் நிலைக்க வேண்டும். அத்தைக்குத் தன் யோசனை ஏற்கப்பட வேண்டும். மற்றவர்களுக்கு வீட்டில் மனஸ்தாபம் வராதிருந்தால் போதும். நண்பர்களோ, பெற்றோரின் முகத்தைப் பார்த்தே பதில் சொல்வார்கள். பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டினால் அதிர்ஷ்டம், குறைத்தால் ஐசுவரியம் என்று கணக்குச் சொல்லும் எண் ஜோதிடர் அந்நியர்தான். ஆனால் சொல்லுக்குக் கூலி வாங்குகிறவர். குழந்தையின் தந்தை மகிழ்ந்தாலும் வருந்தினாலும் தமக்கு ஒன்றுமில்லை என்ற நிலையிலிருப்பவன், வழியோடு போகிற முகமறியாத மனிதன் ஒருவனே.

வீட்டிலுள்ளோர் அனைவரும் ஒரே மனதாயிருக்கும்போது எவ்வளவு பெரிய தீங்கு நேரலாம் என்பதற்கு நம் நாட்டிலேயே அத்தாக்ஷி இருக்கிறது. குப்பன், பிச்சை என்று பெயரிட்ட நம் முன்னோரை நாம் குறைகூற மாட்டோம். முந்திப் பிறந்த பிள்ளைகளை அடுத்தடுத்துப் பறிகொடுத்தவர்கள், இதையாவது எமன் அற்பமென்று விட்டுவிடட்டும் என்ற ஆசையால் அப்பெயர்களை இட்டார்கள். இகழ்ச்சிபோல் ஒலித்தாலும் அவை அன்பினால் வந்தவை. ஆனால், பெண்ணுக்குமேல் பெண் பிறந்த வீடுகளில் 'வேண்டாம்' என்றும் 'போதும்பொண்ணு' என்றும் பெயரிட்டார்களே, அதற்கு என்ன சமாதானம்? மகாராஷ்டிரத்தின் சதாரா ஜில்லாவில், வேண்டாதவள் என்று பொருள்படும் 'நகுசா' என்ற பெயரைத் தாங்கி எத்தனையோ பெண்கள் பள்ளிக்குப் போய் வந்தார்கள். வகுப்பில் ஆசிரியர் பெயர் வாசிக்கும் ஒவ்வொரு நாளும் அச்சிறுமி தன்னை யாரும் விரும்பவில்லை என்ற செய்தியைக் கேட்டு, 'உள்ளேன்' என்று பதில் சொல்ல வேண்டியிருந்தது. 2011 அக்டோபரில் ஜில்லா அதிகாரிகள் விழா நடத்தி, 285 பெண்களுக்குப் புதுப் பெயர்களுடன் சான்றிதழ் வழங்கினார்கள். அப்பெயரிலுள்ள அநியாயம் வீட்டார் கண்ணுக்குப் படவில்லை. வெளியாரே அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. தொட்டில் கட்டிய அன்றே அப்படி ஒருவர் சொல்லியிருந்தால், அப்பெண்களின் இளமை அவ்வளவு கசந்திராது.

ஆனால் அந்நியர் சொல்வதெல்லாம் வேதவாக்கு என்று நாம் சொல்லவில்லை. அந்நியரின் மனத்திலும் அழுக்கு உண்டு. சுக்தேவ் தோரட், பால் அட்டுவெல் என்ற அறிஞர்கள் 2007-இல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். பத்திரிகைகளில் வந்த தனியார் கம்பெனி விளம்பரங்களுக்கு, படிப்பிலும் தகுதியிலும் ஒத்த விண்ணப்பங்களையே அனுப்பினார்கள். வித்தியாசம் பெயரில் மட்டுமே. மேல்சாதியைக் காட்டும் பெயருக்கு வந்த அழைப்பு, தலித் என்றோ முஸ்லிம் என்றோ காட்டும் பெயருக்கு அதே அளவில் வரவில்லை. இதைக் கண்டு, அப்பெயர்களை மறைத்துக்கொள்ளுங்கள் என்று பெற்றோருக்குப் புத்தி சொல்வது கோழைத்தனம். குற்றம் விண்ணப்பத்தை ஒதுக்கிய கையினுடையதேயன்றிப் பெயரினுடையதன்று. ஆகவே, அந்நியர் கூறும் குறையை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். பெயர் ஏழைப் பெயராயிருக்கிறது, பட்டிக்காட்டுப் பெயராயிருக்கிறது, இன்ன ஜாதி, இன்ன மதம் என்று தெரிகிறது என்பன போன்ற குறைகள் சொல்பவனுடைய குறைகள். அவற்றைத் தள்ளிவிட வேண்டும். பெயரின் ஓசையையும் பொருளையும் எழுத்தையும் பற்றியவை பெயரின் குறைகள். அவற்றைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

இவ்விஷயங்களில் அந்நியர் செய்யும் உதவி சிறிதன்று. யாழினி, மகிழன் என்ற அழகிய பெயர்களை ஆங்கில எழுத்தில் எழுதினால், டில்லியில் இருப்பவரோ லண்டனில் இருப்பவரோ எப்படி வாசிப்பார் என்பதை மதுரையிலிருக்கும் தாத்தா சொல்ல முடியாது. நம்முடைய ழகரம் அவர்கள் நாவில் வேறெதுவாகவோ ஆகிவிடுகிறது. அதற்காக அப்பெயரைக் கைவிட வேண்டுமென்பதில்லை. ஆயுள் முழுவதும் திருத்திச் சொல்லிக்கொண்டிருக்க நேரும் என்று தெரிந்தே வைக்கலாம். வங்காளத்தில் 'குண்டு' என்பது கௌரவமான குடும்பப் பெயர். தமிழ்நாட்டுப் பள்ளியில் அதன் கதி என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. நம் பெயர்களுக்கும் பிற பாஷைகளில் இக்கதி நேரலாம். கிரண், சுமன் போன்றவை வடநாட்டில் ஆணுக்கும் உண்டு, பெண்ணுக்கும் உண்டு. தந்தையின் இனிஷியலைச் சேர்த்து வாசித்தால் பெயர் விபரீதமான சொல்லாகிவிடுகிறதா, பள்ளிப் பிள்ளைகள் அதைச் சுருக்கி என்ன பட்டம் கட்டுவார்கள் என்பவற்றையும் ஆசை மிகுந்த பெற்றோர் கவனிப்பதில்லை. முதன்முறை கேட்பவர் உடனே கண்டுகொள்வார்.

இவ்வாறு கேட்டு யோசிக்கச் சட்டமும் அவகாசம் தருகிறது. பலர் இதை அறிவதில்லை. 1969-ஆம் வருஷத்துப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி பிறப்பை 21 நாட்களுக்குள் தெரிவித்துவிட வேண்டும்; ஆனால் பெயரையும் அன்றே எழுதியாக வேண்டுமென்ற கட்டாயமில்லை. பதிவான நாளிலிருந்து 12 மாதம் வரையில் கட்டணமின்றியும், அதன்பின் 15 வருஷம் வரையில் தாமதக் கட்டணத்துடனும் பெயரைச் சேர்க்க விதிகள் இடந்தருகின்றன. ஆஸ்பத்திரியில் குமாஸ்தா கேட்டாரென்று அவசரத்தில் ஒரு பெயரைச் சொல்லிவிட்டுப் பின்னால் கெஜட்டு, பள்ளிச் சான்றிதழ், பாஸ்போர்ட்டு என்று அலைபவர்கள் இதை முன்பே அறிந்திருந்தால் அலைச்சல் மிச்சமாகியிருக்கும். 2023-ஆம் வருஷத்துத் திருத்தம் அவ்வருஷம் அக்டோபர் 1-ந் தேதி அமுலுக்கு வந்தபின் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் சர்க்கார் உத்தியோகம் வரையில் பிறப்புச் சான்றிதழே பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் ஆதாரம். எனவே அதில் எழுதப்படும் பெயரின் கனமும் முன்னிலும் கூடிவிட்டது.

முன்னாளில் செஷன்ஸ் கோர்ட்டுகளில் அஸெஸர்கள் என்போர் உட்கார்ந்து வழக்கைக் கேட்டுத் தம் அபிப்பிராயத்தைச் சொல்வார்கள். நீதிபதி அதைக் கேட்டே தீரவேண்டும். ஆனால் அதற்குக் கட்டுப்பட்டவரல்லர். முகமறியாதார் அபிப்பிராயத்துக்கு நாம் கொடுக்கும் இடமும் அதுவே. தீர்ப்பு பெற்றோருடையது. இறந்துபோன தாயின் நினைவாகப் பெயரிட விரும்பும் ஒருவனை, அப்பெயர் பழம்பாணி என்று பத்துப்பேர் சொன்னார்களென்பதற்காகப் பின்வாங்கச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆனால் இவ்வழக்கில் உண்மையான கட்சிக்காரர் தொட்டிலில் கிடக்கிறார். அவருக்கு இன்னும் வாய் திறக்கத் தெரியாது. நாளை அவர் வாழப்போவது அந்நியர்கள் நடுவில். அப்பெயரைச் சொல்லி அழைக்கப்போகிறவர்களும் பெரும்பாலும் அந்நியர்களே. அவர்களில் சிலரை முன்கூட்டியே கேட்பது, பேச இயலாத அக்கட்சிக்காரருக்காக ஒரு வக்கீலை அமர்த்துவது போலாகும்.

கேட்கப்படுபவருக்கும் ஒரு கடமை உண்டு. பரிகாசம் செய்வது நேர்மையாகாது. புகழ்ந்துவிட்டு நகர்வதும் நேர்மையாகாது. குறை இருந்தால் காரணத்தோடு சொல்லி நிறுத்திக்கொள்ள வேண்டும். பெற்றோரும், கோபமின்றிக் கேட்டு, ஏற்கத்தக்கதை ஏற்று, பதிவேட்டில் மை படுவதற்கு முன் ஒரு முறைக்கு இரு முறை அப்பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து முடிவு செய்வார்களாக.