ஆயிரம் ரூபாய் நாணயம் என்ன விலை?

சங்கராபுரம் கடைத்தெருவில் சாமான் வாங்குகிறீர்கள். பணத்துக்குப் பதிலாக ஒரே ஒரு 1,000 ரூபாய் நாணயத்தை எடுத்து நீட்டுகிறீர்கள். கடைக்காரர் என்ன செய்வார்?

"இது என்ன பொம்மைக் காசு?" என்று சிரிப்பார்!

ஆனால் அது பொம்மை அல்ல. அசல் சர்க்கார் நாணயம். தஞ்சைப் பெரிய கோவிலுக்கு ஆயிரம் வயது நிறைந்ததன் நினைவாக, 2010-ம் ஆண்டு பொறித்து அடிக்கப்பட்டது. எடை 35 கிராம். அதில் நூற்றுக்கு 80 பங்கு வெள்ளி. அதாவது 28 கிராம் வெள்ளி. மீதி செம்பு.

நாணயத்தில் 1,000 என்று இருக்கிறதே, அந்த விலைக்குக் கிடைத்ததா? இல்லை! அதற்கு மேல்தான் விலை.

பட்டியலில் இரண்டு விலை

நாணயச்சாலைகள் இப்படிப்பட்ட ஞாபகார்த்த நாணயங்களுக்குத் தனியாக விலைப்பட்டியல் போட்டு விற்கின்றன. வெள்ளி விலை, வேலைக்கூலி, பெட்டி எல்லாம் சேர்ந்து விலை ஆகிறது. முன்பதிவு செய்தவர்களுக்குத் தபாலில் வரும்.

ஒரே நாணயத்துக்கு இரண்டு விலை இருக்கும். சாதாரணமாக அடித்தது ஒன்று. 'புரூப்' என்பது மற்றொன்று. மெருகேற்றிய வில்லையை, மெருகேற்றிய அச்சில் வைத்து ஒரு தடவைக்கு மேல் அழுத்துவார்கள். நாணயத்தில் முகம் பார்க்கலாம்! அதனால் விலையும் கூடுதல்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். 1950 முதல் 1964 வரை அங்கே 5 காசுகள் கொண்ட புரூப் செட் விற்றார்கள். காசுகளின் மதிப்பு 91 சென்ட். பட்டியல் விலையோ 2 டாலர் 10 சென்ட்!

நாணயச்சாலையில் பதக்கங்களும் செய்கிறார்கள். பாரத ரத்னா பதக்கம் கல்கத்தா அலிப்பூர் நாணயச்சாலையில்தான் தயாராகிறது. எவ்வளவு பணம் இருந்தாலும் அதை மட்டும் வாங்க முடியாது.

உஷார்!

1969-ல் காந்தி நூற்றாண்டுக்காக 10 ரூபாய் வெள்ளி நாணயம் வந்தது. அதில் 12 கிராம் வெள்ளி. தாத்தா பெட்டியில் அது இருந்தால், பத்து ரூபாய் என்று நினைத்துக் கொடுத்துவிடாதீர்கள். வெள்ளி மட்டுமே பல மடங்கு போகும்.

ஆனால் 1995-ம் ஆண்டுத் திருவள்ளுவர் நாணயமும், 2009-ம் ஆண்டு அண்ணாவின் தமிழ்க் கையெழுத்துடன் வந்த 5 ரூபாய் நாணயமும் அப்படி அல்ல. அவை கைக்குக் கை புழங்கியவை, வெள்ளியும் இல்லை.

இப்படிப்பட்ட காசுக்குத்தான் "லட்ச ரூபாய் தருகிறோம், முதலில் கமிஷன் கட்டுங்கள்" என்று டெலிபோனில் ஆசை காட்டுகிறார்கள் சிலர். கமிஷனைக் கட்டினால் போச்சு! லட்சமும் வராது, கட்டியதும் திரும்பாது. ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லியே இந்த மோசடி நடந்தது. "பழைய காசு வியாபாரம் நாங்கள் செய்வதில்லை, கமிஷனும் கேட்பதில்லை" என்று அந்த வங்கி 2021 ஆகஸ்டில் எச்சரித்தது.

உங்கள் பையில் உள்ள காசு எந்த ஊரில் அடித்தது, தெரியுமா? ஆண்டு எண்ணுக்குக் கீழே பாருங்கள். வைர வடிவம் இருந்தால் பம்பாய். நட்சத்திரம் என்றால் ஐதராபாத். புள்ளி என்றால் டெல்லிக்குப் பக்கத்தில் உள்ள நொய்டா. ஒன்றுமே இல்லையா? அது கல்கத்தா!