வீட்டை விற்கப் புகுமுன்

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் செய்து பார் என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். வீட்டை விற்றுப் பார் என்று அவர்கள் சொல்லவில்லை. விற்பது எளிது என்று எண்ணினார்களோ, அத்தகைய நிலை எவர்க்கும் வரலாகாது என்று எண்ணினார்களோ, அறியோம். ஆயினும் மகளின் திருமணம், மகனின் படிப்பு, நோய், அயலூரில் பிழைப்பு முதலிய காரணங்களால் நம் அங்கத்தினர்களுள் சிலர்க்கு வீட்டை விற்க நேரிடத்தான் செய்கிறது. அவர்களுக்குப் பயன்படுமாறு சில செய்திகளை ஈண்டுத் தொகுத்துக் கூறுவோம்.

நெசவாளனுக்கு வீடு என்பது உறங்கும் இடம் மட்டும் அன்று. அதுவே அவனது தொழிற்சாலையுமாகும். உழவனுக்கோ அதுவே களஞ்சியம். ஆதலின் விற்கும் முடிவுக்கு வருமுன், தேவைப்படும் தொகை எவ்வளவு, அதனைச் சங்கத்திலோ கூட்டுறவு வங்கியிலோ கடனாகப் பெற்றுத் தவணையில் தீர்க்க இயலுமா என்று ஆராய்தல் முதற்கடமை. இயலாது என்று தெளிந்த பின்னரே மேலே செல்க.

முதலில் பத்திரம், பிறகு சுண்ணாம்பு

வாங்க வருபவர் சுவரைப் பார்ப்பதற்கு முன் பத்திரத்தைக் கேட்பார். மூலப் பத்திரம், பட்டா, வீட்டுவரி ரசீது, மின்கட்டண ரசீது, வில்லங்கச் சான்று ஆகியவற்றை ஒரே உறையில் திரட்டி வைத்துக் கொள்க. நம் பகுதியில் ஒரு தனிச் சங்கடம் உண்டு. பழைய பத்திரங்களில் தென்னாற்காடு மாவட்டம் என்றிருக்கும். 1993 செப்டம்பருக்குப் பிற்பட்டவற்றில் விழுப்புரம் என்றிருக்கும். 2019 நவம்பருக்குப் பிற்பட்டவற்றில் கள்ளக்குறிச்சி என்றிருக்கும். வெளியூரார் இதைக் கண்டு ஐயுறலாம். மாவட்டத்தின் பெயர் மாறினாலும் இடம் மாறுவதில்லை. கிராமத்தின் பெயரும், புல எண்ணும், நான்கெல்லையும் பட்டாவோடு பொருந்துகின்றனவா என்பதே பார்க்கத்தக்கது. பொருந்தாவிடின் வாங்குபவர் வருமுன்னரே வட்டாட்சியர் அலுவலகத்தில் மனுச் செய்து திருத்திக் கொள்ளல் வேண்டும்.

வீட்டின்பேரில் அடமானக் கடன் வாங்கித் தீர்த்தவர்கள் பலர், கடன் தீர்ந்தது என்ற மகிழ்ச்சியில் அதற்குரிய ரசீதுப் பத்திரத்தைப் பதிவு செய்ய மறந்து விடுகின்றனர். கடன் தீர்ந்தும் வில்லங்கச் சான்றில் அடமானம் நின்று கொண்டே இருக்கும். அதனைக் கண்ட அளவில் வாங்குபவர் திரும்பிப் போய்விடுவார்.

உடன்பிறந்தாளின் கையெழுத்து

ஒரு குடும்பத்தை நினைத்துப் பார்ப்போம். தகப்பனார் காலமாகிவிட்டார். வீடு பிதுரார்ஜிதம். அண்ணன் தம்பி இருவரும் கூடி விலை பேசி, முன்பணமும் வாங்கி, அப்பணத்தைத் திருமணச் செலவுக்குக் கொடுத்துவிடுகின்றனர். மணமாகிச் சங்கராபுரத்தில் வாழும் தங்கையை எவரும் கேட்கவில்லை. "அவளுக்குத்தான் சீர் செய்தாயிற்றே" என்பது அவர்கள் எண்ணம். பதிவுக்கு முன் வாரிசுச் சான்றைப் பார்த்த வாங்குபவர், தங்கையின் கையெழுத்தின்றிப் பத்திரம் வேண்டாம் என்கிறார். தங்கையோ, கேளாமல் விலை பேசியதை எண்ணி மனம் கசந்திருக்கிறாள். முன்பணமோ செலவாகிவிட்டது. இனி அண்ணன் என்ன செய்வான்?

தமிழ்நாட்டில் 1989ஆம் ஆண்டுத் திருத்தத்தாலும், நாடு முழுமைக்கும் 2005ஆம் ஆண்டுத் திருத்தத்தாலும், இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போன்றே பிறப்புரிமை வழங்கப்பட்டது. 2005இல் தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020இல் தீர்ப்பளித்துவிட்டது. சட்டம் இவ்வாறிருக்க, சீர் செய்தோம் என்பது பாகம் கொடுத்ததாகாது. ஆதலின் விலை பேசுமுன் உடன்பிறந்தாளின் வீட்டுக்குச் சென்று உட்கார்ந்து பேசுக. மைனர் குழந்தைக்குப் பங்கு இருப்பின், 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நீதிமன்றத்தின் அனுமதி வேண்டியிருக்கும். வழக்கறிஞர் ஒருவரைக் கலந்து கொள்க.

மலைவாழ் அங்கத்தினர்க்கு

கல்வராயன் மலை மூன்று ஜாகீர்களின் ஆட்சியில் நெடுங்காலம் இருந்து, 1976இல் அரசாங்கத்தின் நேர் நிருவாகத்துக்கு வந்தது. ஆகையால் கீழ்நாட்டில் உள்ளது போன்ற பழம்பத்திரங்கள் அங்கே பலரிடம் இல்லை. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின்படி பட்டம் பெற்ற நிலம், தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளுக்குச் சேரும். ஆனால் அதனைப் பிறர்க்கு விற்கவோ மாற்றிக் கொடுக்கவோ சட்டம் இடந்தரவில்லை. வெள்ளைக் காகிதத்தில் எழுதி வாங்கிக் கொள்கிறோம் என்று எவரேனும் பணத்தை நீட்டினால், மலையாளி அங்கத்தினர்கள் அதற்கு இசையலாகாது. கொடுப்பவர்க்கு வீடு போகும். வாங்குபவர்க்கு உரிமை வராது.

வீட்டைச் செப்பனிடுதல்

காகிதங்கள் சரியான பின் வீட்டைக் கவனிக்கலாம். பெருஞ்செலவு வேண்டா. உடைந்த ஓடுகளை மழைக்கு முன் மாற்றுக. சாக்கடை அடைப்பை நீக்குக. பழைய சுண்ணாம்பின் பொருக்கைச் சுரண்டி, சுவரை நனைத்து, நீர்த்த சுண்ணாம்பை மெல்லியதாக இரண்டு மூன்று முறை பூசுக. ஒரேயடியாகக் கனமாகப் பூசினால் அது விரைவில் உதிர்ந்துவிடும். புகை படிந்த சமையலறைச் சுவர்களை முதலில் கழுவுக. வேண்டாத தட்டுமுட்டுச் சாமான்களை அகற்றினால் கூடம் தானே பெரிதாகத் தோன்றும். வீட்டைக் காட்டுவதற்கு முற்பகல் வேளை நன்று; ஒளியும் காற்றும் தாமே பேசும்.

தறிக்குழியைப் பற்றி ஒரு சொல். நெசவாளர் வாங்குவதாயின் குழி அவர்க்கு ஒரு வசதி. அதனைத் தூர்த்துவிட்டால் விலை குறையும். பிறர் வாங்குவதாயின் குழி ஓர் இடையூறு. ஆகவே கேட்டறிந்த பின் தூர்க்கலாம். தூர்க்கும்போது மண்ணை அடுக்கடுக்காக இட்டு, நீர் தெளித்துத் திமிசு போடுதல் வேண்டும். இல்லையேல் தரை உள்வாங்கும். தறி விலையில் சேர்ந்ததா இல்லையா என்பதைப் பத்திரத்திலேயே எழுதிவிடுக.

விரிசலைச் சுண்ணாம்பால் மறைக்கலாமா? கூடாது. வாங்குபவர் எளிதில் காண இயலாத பெருங்குறைகளை விற்பவர் அறிந்திருப்பின் சொல்லியாக வேண்டும் என்று 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டம் கூறுகிறது. கோடையில் கிணறு வற்றுமாயின் அதையும் சொல்லுக. குறையைச் சொன்னவன் சொல்லும் விலையை மற்றவர் நம்புவர்.

விலையும் பத்திரமும்

அரசாங்க வழிகாட்டி மதிப்பு முத்திரைத் தீர்வைக்காக ஏற்பட்டது. சந்தை விலை வேறு. அண்டையில் அண்மையில் கைமாறிய வீடுகளின் விலையை விசாரித்தறிக. விற்பனை ஒப்பந்தத்தை எழுத்தில் எழுதிப் பதிவு செய்க; 2012 டிசம்பர் முதல் தமிழ்நாட்டில் அதற்கும் பதிவு வேண்டும். முன்பணமாயினும் முழுப்பணமாயினும், 20,000 ரூபாயும் அதற்கு மேற்பட்ட தொகையும் ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் 2015 முதல் தடுத்துள்ளது. வங்கி வழியாகவே பெறுக. வீட்டைக் காலி செய்யும் நாளையும் ஒப்பந்தத்தில் குறித்து விடுக.

அங்கத்தினர்களே! வீடு ஒருமுறை கைமாறினால் மீள்வது அரிது. அவசரத்தில் விற்பவனுக்கு விலையும் குறைகிறது, உறவும் முறிகிறது. பத்திரத்தைச் சரிபார்த்து, உடன்பிறந்தாரைக் கலந்து, குறையை மறையாது விற்பவன், அவ்வீதியில் மறுநாளும் தலை நிமிர்ந்து நடப்பான். எதனையும் கையெழுத்திடுமுன் சங்கத்துக்கு ஒருமுறை வந்து போங்கள். கேட்டுச் செய்த காரியம் கெடுவதில்லை.